உர்சுலா கேட்கும் நாலு நம்பர்

"நாலு நம்பர் ஒன்னு சொல்லுங்க, பாக்கலாம்."

மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நிற்கிறவரிடம் உர்சுலா இருதயம் முதலில் கேட்பது இதைத்தான். டிஸ்க் எங்கே, என்ன கோளாறு, எப்போது வேண்டும் என்பதெல்லாம் பிறகு. பிரிக்பீல்ட்ஸில் நாலு நம்பர் என்றால் எல்லோருக்கும் நாலு இலக்க லாட்டரிதான். மோதி நசுங்கிய காரின் எண், மாமியார் கனவில் வந்து சொன்ன எண் என்று ஆளுக்கொன்று மனத்தில் பூட்டியிருக்கும். அதை முன்பின் தெரியாதவரிடம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

"சொன்னா நீங்க எடுத்துருவீங்க அக்கா."

"நான் எடுக்கிறதில்ல பாஸ். ஒரு நல்ல ஃபைல ஒடைக்கப் போறேன். சும்மா சொல்லுங்கலா."

சொன்னால், இருநூற்றைம்பத்தைந்துக்குள் இன்னோர் எண் கேட்பார். முதல் எண் இடம். இரண்டாவது எண் அந்த இடத்தில் வைக்க வேண்டியது. பழுதில்லாத ஒரு கோப்பைத் திறந்து, அங்கே இருந்ததை அழித்து, வந்தவர் சொன்னதை வைத்து, தான் எழுதிய நிரலுக்குத் தின்னக் கொடுப்பார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொள்வார். நிரல் "இந்த இடத்தில் இது பொருந்தவில்லை" என்று ஒரு வரி சொல்லிவிட்டு மேலே போனால் சின்னத் தலையசைப்பு. திரை அப்படியே உறைந்துபோனாலோ, உர்சுலாவுக்குக் கிறிஸ்துமஸ் முன்கூட்டியே வந்தது போல. "விழுந்துட்டான்யா!" என்று மேசையில் ஓங்கித் தட்டுவார். எண் சொன்னவருக்குக் கீழேயிருந்து தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய டீ, வரும். எதற்கு வந்தது என்று தெரியாமலே குடித்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

படிக்கட்டின் அடியில் பூக்கட்டும் இராஜம்மா தினமும் காலையில் கேட்காமலே ஓர் எண்ணை மேலே கத்திச் சொல்வார். நிரலை மூன்று தடவை விழவைத்த பெருமை அவருக்கு உண்டு. "நானும் கம்ப்யூட்டர் வேலதான் பாக்கிறேன்" என்று பூ வாங்க வருகிறவர்களிடம் சொல்கிறார். "மேல அந்தம்மா செய்யும், நான் ஒடைப்பேன்."

மாடியில் இருப்பது ஒரே அறை. நடுவில் நீள மேசை. அதன்மேல் மூன்று கணினிகள், மூன்றுமே மூடி கழற்றியவை. "சட்டைய கழட்டி வச்சாத்தான் காத்து போகும்" என்பது உர்சுலாவின் விளக்கம். நாற்பதைத் தாண்டியவர், முட்டிக்குக் கீழே இறங்கும் பாவாடை, முழங்கை வரை மடித்த சட்டை, கொண்டையில் செருகிய பென்சில். பதினோரு மணிக்குத் தவறாமல் பீசாங் கோரேங் வேண்டும். விசைப்பலகையில் எண்ணெய் படக்கூடாது என்பதற்காக வாழைப்பழப் பொரியலைச் சீனர்களின் சாப்பாட்டுக் குச்சியால் எடுத்துத் தின்பார். பார்க்க வேடிக்கையாக இருக்கும். அவருக்கு அதில் வெட்கம் கிடையாது.

இங்கே வருகிறவை எல்லாம் கெட்டுப்போன கோப்புகள். அச்சகத்துக்காரர்கள் வருவார்கள், ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைத் தொலைத்த மாணவர்கள் வருவார்கள். ஷா ஆலத்துத் தொழிற்சாலையிலிருந்து ஒருவர், இரும்பு கடையும் இயந்திரத்தின் டிஸ்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வருவார். எழுத்தாக வாசிக்க முடியாத கோப்புகள் அவை. உள்ளே வெறும் எண்கள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்க உர்சுலா தானே ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பெயர் 'கேட்'.

பெயர் வந்த வழி எளிது. அவர் பிறந்தது இரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா இருதயம் இரயில்வே கேட் காவலர்; மூடிய கேட்டுக்கு முன்னால் நின்று திட்டாத லோரிக்காரன் கிடையாது. படிப்பு முடிந்ததும் உர்சுலா கிள்ளானில் ஒரு தோட்டக் கம்பெனி அலுவலகத்தில் அட்டை துளைக்கும் இயந்திரத்தில் உட்கார்ந்தார். அட்டை போய்க் கணினி வந்தது. மற்றவர்கள் பழைய கணினியின் கையேட்டைக் குப்பைக்கு அனுப்பியபோது அவர் அதை வீட்டுக்குத் தூக்கிப் போனார். படித்தார், தப்பாகச் செய்தார், மறுபடி படித்தார். யாரும் சொல்லித் தரவில்லை என்பதில் அவருக்குக் குறையில்லை. "சொல்லிக் குடுத்திருந்தா சீக்கிரம் கத்திருப்பேன். இவ்வளவு சிரிச்சிருக்க மாட்டேன்."

ஒரு கோப்பு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டுதான் தொடங்கும். நான் இன்ன வகை, என்னுள் இத்தனை பகுதிகள், ஒவ்வொன்றும் இத்தனை நீளம். பெரும்பாலான நிரல்கள் அதை அப்படியே நம்பிவிடும். கெட்டுப்போன கோப்பு, தான் கெட்டது தெரியாமலே சொல்லும்: எனக்குப் பின்னால் முப்பது பெட்டி. நிரலும் முப்பது பெட்டி நடக்கும். எட்டாவது பெட்டியோடு இரயில் முடிந்திருக்கும். ஒன்பதாவதற்குக் கால் வைத்தால் தண்டவாளம். அங்கேதான் நிரல் விழுகிறது, சில சமயம் பக்கத்தில் நிற்பதையும் இழுத்துக்கொண்டு.

"ஃபைல் சொல்றது ஃபைல் சொல்றது. நம்ம அளந்தது நம்ம அளந்தது" என்பார் உர்சுலா. அவருடைய கேட் முதலில் கோப்பை அளந்துவிடும். பிறகுதான் அது சொல்வதைக் காதில் வாங்கும். அளவுக்கு மீறிச் சொன்னால் திட்டாது, விழாது. "நீ சொல்கிற அளவுக்கு உன்னிடம் இடமில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த பகுதியின் தொடக்கத்தைத் தேடிப் போகும். தெரிந்தவர் கோப்பு, தெரியாதவர் கோப்பு என்ற பேதமில்லை. பங்குச் சாமியார் கொண்டுவந்த திருவிழா மலருக்கும் அதே அளவுகோல்தான். "சாமி நல்லவரு. டிஸ்க்குக்கு ஞானஸ்நானம் குடுத்ததா எனக்குத் தெரியாது."

மூல டிஸ்கில் அவர் வேலை செய்யவே மாட்டார். வந்த உடனே அதன் மூலையில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் தாழ்ப்பாளைத் தள்ளி, அதில் எதுவும் எழுத முடியாதபடி செய்துவிட்டு, ஒரு பிரதி எடுத்து, பிரதியோடுதான் மல்லுக்கட்டுவார். வேலை முடிந்ததும் ஒரு கெஞ்சல். "அந்த ரோசாக் ஆன காப்பிய நான் வச்சிக்கிறேனே? ரகசியம் இருந்தா வேணாம்." அப்படிச் சேர்ந்த கெட்ட கோப்புகள் பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. கேட்டில் ஒரு வரியை மாற்றினாலும் டின்னைக் கவிழ்த்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பார்.

சரஸ்வதி பூஜை முடிந்த திங்கட்கிழமை பாலசுந்தரம் வந்தார். கலியாண வீடுகளில் கீபோர்டு வாசிக்கும் இசைக்குழுக்காரர். யாழ்ப்பாணப் பேச்சும் பிரிக்பீல்ட்ஸ் பேச்சும் பாதிக்குப் பாதி. கீபோர்டையே காரில் போட்டு எடுத்து வந்து, ஏணிபோல் செங்குத்தான அந்தப் படியில் தோளில் ஏற்றியிருந்தார். உர்சுலா நாலு நம்பர் கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"உர்சுலா, நான் ஒரு பாவம் செஞ்சிட்டன்."

"பாவத்துக்குச் சர்ச் அந்தப் பக்கம் அண்ணே. இங்க டிஸ்க்குதான்."

அவர் டிஸ்கை மேசையில் வைத்தார். அதன் உலோக மூடியின் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் கசிந்திருந்தன.

பூஜையன்று கீபோர்டுக்குப் பொட்டு வைத்தார். ஒலிபெருக்கிகளுக்கு வைத்தார். டிஸ்குக்கும் வைக்கப் போனபோது ஒரு யோசனை வந்தது. மேலே வைத்தால் பொட்டு ஸ்டிக்கருக்குத்தானே சேரும், பாட்டுக்குச் சேராதே? ஆகவே உலோக மூடியை விரலால் ஒதுக்கி, உள்ளே பளபளக்கும் கறுப்புத் தகட்டின் மேலேயே பக்தியோடு வைத்துவிட்டார்.

உர்சுலா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "சரஸ்வதிக்கே அட்ரஸ் தெரியாம போயிரும்னு நெனச்சீங்களா அண்ணே?"

"சிரிக்காத. சனிக்கிழமை என்ர மகளின்ர கலியாண ரிசப்ஷன்."

அதில் இருந்தது மகள் சிவமலரும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது ஒலிக்க வேண்டிய பாட்டு. மாதக்கணக்காக ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்த்திருந்தார். தன் பகுதிகளை அவர் மறுபடி வாசித்துவிடுவார். தாளத்தை மறுபடி அடிக்கத்தான் ஆளில்லை. அடித்தவன் கேரி தீவுப் பழனியப்பன். எலெக்ட்ரானிக் பேடில் உறுமி மேளத்து அடியை இரண்டு கையாலும் கொண்டுவந்தவன். பந்திங் சாலையில் மோட்டார்சைக்கிளோடு விழுந்து வலது கை மாவுக்கட்டுக்குள் போய்விட்டது. சிவமலரைச் சின்ன வயதிலிருந்து தங்கச்சி என்று கூப்பிட்டு வளர்ந்தவன், கலியாணத்தன்று சும்மா உட்கார வேண்டும். அந்த டிஸ்கில் இருந்தது மட்டுமே அவன் கை.

"வேற டிரம்மர் வேணாமா?"

"ஆள் கிடைக்கும். அந்த அடி கிடைக்காது. சிவமலரும் வேற அடி வேணாம் எண்டு சொல்லிட்டாள்."

உர்சுலா பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவினார். டிஸ்கின் உறையைப் பிரித்து, உள்ளே இருந்த மெல்லிய வட்டத்தை வெளியே எடுத்து, சோப்பு கரைத்த தண்ணீரில் ஒரு குழந்தையின் காதைக் கழுவுவது போலக் கழுவினார். பாலசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். காய்ந்ததும் வட்டத்தைப் புதிய உறைக்குள் வைத்துப் பிரதி எடுத்தார். பெரும்பகுதி வந்தது. பொட்டு அழுந்தியிருந்த சில இடங்கள் மட்டும் எத்தனை முறை கேட்டும் வாய் திறக்கவில்லை. அந்த இடங்களைத் தன் வழக்கப்படி ஒரே எண்ணால் நிரப்பிவிட்டுக் கேட்டில் ஓட்டினார்.

கீபோர்டு பாட்டை ஒலியாகப் பதிவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், அடுத்த அடிக்கு எவ்வளவு நேரம் என்று எண்களாக எழுதி வைக்கிறது. வாத்தியத்துக்கு ஒரு தடம். கேட் முதல் தடத்தைப் படித்தது. இரண்டாவது தடம் தன் நீளமாகச் சொன்னது டிஸ்கைவிடப் பெரிதாக இருந்தது. "இடமில்லை" என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போனது. இப்படி ஒவ்வொன்றாக மீண்டு வர, பாலசுந்தரத்தின் முகமும் மெல்ல மீண்டது. தாளத் தடத்தில் நுழைந்தது. நின்றது. திரையில் ஒரு புள்ளிகூட அசையவில்லை.

உர்சுலா மேசையில் தட்டினார். "மாட்டிக்கிட்டேன் அண்ணே! நானேதான் மாட்டிக்கிட்டேன்!"

"இதுக்கு ஏன் இவ்வளவு சந்தோசம்?"

"தப்பு என்னோடது. அதான்."

ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் உள்ள நேரம் சிறியதென்றால் ஒரு கட்டத்துக்குள் அடங்கும். பெரியதென்றால் முதல் கட்டம் "இன்னும் இருக்கிறது, அடுத்ததையும் சேர்த்துக்கொள்" என்று சைகை காட்டும். படிக்க முடியாத இடங்களில் உர்சுலா நிரப்பிய எண் இருக்கிறதே, அது தற்செயலாக அந்தச் சைகையைக் காட்டும் எண். சேர்த்துக்கொள், சேர்த்துக்கொள் என்று வரிசையாகச் சொல்ல, கேட்டும் சேர்த்துக்கொண்டே போய் மூச்சு முட்டி நின்றுவிட்டது. வெளியிலிருந்து வருகிற பொய்யையெல்லாம் அளந்தவர், தன் கையால் வைத்ததை அளக்கவில்லை.

எந்தப் பாட்டிலும் அந்த நேரத்தை எழுத நாலு கட்டத்துக்கு மேல் தேவைப்படாது. ஐந்தாவதைக் கேட்டால் நிறுத்து என்று ஒரு வரி சேர்த்தார். பாலசுந்தரம் நாற்காலியின் நுனிக்கு வந்தார். உர்சுலாவோ டின்னைக் கவிழ்த்தார்.

"ஐயோ, என்ர டிஸ்கைப் போடு பிள்ளை! ஊர்ப்பட்ட பழைய குப்பைய ஏன் ஓட்டுற?"

"உங்களுக்காக ஒரு கதவ மாத்திருக்கேன். அந்தச் சந்துல பழைய களவாணி எவனாச்சும் பூந்துட்டா? பொறுங்கலா."

டிஸ்குகள் ஒவ்வொன்றாக உள்ளே போய் வெளியே வந்தன. பாலசுந்தரம் வாயில் முணுமுணுத்தது தேவாரமா வசவா என்று சொல்ல முடியாது. பாதி டின் ஆனபோது, நடுவில் வெட்டுப்பட்ட ஏதோ ஒரு பழைய கோப்பில் கேட் விழுந்தது. ஐந்தாவது கட்டம் வந்தால் நிறுத்தச் சொன்ன உர்சுலா, மூன்றாவது கட்டத்திலேயே கோப்பு முடிந்துபோனால் என்ன செய்வதென்று சொல்லவில்லை. கோப்பைத் தாண்டி வெறும் வெளியில் கால் வைத்துவிட்டது.

"பாத்தீங்களா!" வெற்றி பெற்ற குரல். இன்னொரு வரி சேர்த்தார். டின்னை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். பாலசுந்தரம் எழுந்து போய் இருவருக்கும் பீசாங் கோரேங் வாங்கி வந்தார். வேறு வழி தெரியவில்லை.

சாயங்காலம் தாளத் தடம் வெளியே வந்தது. கீபோர்டில் போட்டதும் பழனியப்பனின் உறுமி அந்தச் சின்ன அறையில் எழுந்தது. மூடியில்லாத கணினிகள் அதிர்ந்தன. கீழேயிருந்து இராஜம்மா, "யாருடி அது மேல சாமியாடுறது?" என்று கேட்டார். பாலசுந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு தாளம் சட்டென்று நின்றது. மற்ற வாத்தியங்கள் மட்டும் தனியே போயின. கொஞ்ச நேரம் கழித்து, எதுவும் நடக்காதது போல, சரியான இடத்தில் தாளம் மறுபடி பிடித்துக்கொண்டது.

"சந்தனம் வச்ச எடம்" என்றார் உர்சுலா. "அங்க ஒன்னும் கெடைக்கல. எல்லாத் தடமும் ஒரே நேரத்துல முடியுமில்ல? கடைசியிலேர்ந்து பின்னால எண்ணி வந்தேன். நீளம் சரி. உள்ள காலி."

"முன்னால உள்ள அடிய எடுத்து ஒட்டிவிடேன். ஆருக்குத் தெரியப் போகுது?"

உர்சுலா பென்சிலைக் கொண்டையில் மறுபடி செருகினார். முடியாத வேலையல்ல, ஐந்து நிமிடம் போதும். "ஒட்டலாம் அண்ணே. ஆனா அது பழனி அடிச்சதா, நான் அடிச்சதா? தெரியாத எடத்த தெரியலன்னு காட்டத்தான் இவ்வளவும் எழுதி வச்சேன். ஒட்டணும்னா அவன் சொல்லட்டும்."

மறுநாள் பழனியப்பன் வந்தான். மாவுக்கட்டு முழுக்கக் கையெழுத்துகள். நடுவில் யாரோ ஒரு நாலு நம்பரும் எழுதியிருந்தார்கள். பாட்டைக் கேட்டான். தன் கையைத் தானே கேட்கும்போது அவன் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. காலி இடம் வந்து, போனது. மறுபடி போடச் சொன்னான்.

"என்னடா, ஒட்டிரலாமா?"

"வேணாம்க்கா. அப்படியே வுடுங்க. அந்த எடத்துக்கு ஒரு கை போதும்."

"அப்ப முழுப் பாட்டையும் ஒத்தக் கையில அடிக்கிறதுதானே?" பாலசுந்தரத்துக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

"முழுசா அடிச்சா பால்டின் தட்டுற மாதிரி இருக்கும் அங்கிள். தங்கச்சி கல்யாணத்துக்கு வரணுமா, ஓடணுமா சனங்க?"

சனிக்கிழமை மாலை கிள்ளான் மண்டபத்தில் உர்சுலா கடைசி வரிசைக்கு முந்தைய வரிசையில், நடைபாதை ஓரமாக உட்கார்ந்தார். மடியில் கைப்பை, அதற்குள் கைக்குட்டையில் சுற்றிய இரண்டாவது பிரதி. மேடையில் கீபோர்டு தடுமாறினால் ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும் என்று பையின் வாயை இறுகப் பிடித்திருந்தார். பக்கத்தில் உட்காரக் கேட்ட ஓர் அம்மாவிடம் "உக்காருங்க" என்று சொன்னதோடு சரி.

கதவு திறந்தது. சிவமலர் மாப்பிள்ளையோடு நுழைந்தாள். பாலசுந்தரம் பொத்தானை அழுத்தினார். உறுமி புறப்பட்டது. மண்டபமே நிமிர்ந்தது. மேடை ஓரத்தில் பழனியப்பன், மாவுக்கட்டை மடியில் கிடத்தி, பலகாரம் வந்த எவர்சில்வர் தட்டு ஒன்றை முட்டிகளுக்கு நடுவில் கவிழ்த்து வைத்திருந்தான். உர்சுலாவின் உதடுகள் எண்ணிக்கொண்டே போயின. இதோ வருகிறது. இப்போது.

தாளம் நின்றது. சிவமலர் நடையை நிறுத்தி மேடையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் காலி இடத்துக்குள் தட்டின் ஒலி குதித்தது. விரல், உள்ளங்கை, மணிக்கட்டு, மறுபடி விரல். இரண்டு கையாலும் அடித்த அடி அல்ல அது. இன்னும் குறும்பானது, கொஞ்சம் நொண்டி, அதனாலேயே நடந்து வருகிறவரை ஆடச் சொல்வது. கேரி தீவிலிருந்து வந்த கூட்டம் முதலில் விசிலடித்தது. மாப்பிள்ளையின் தோள் அசைந்தது. சிவமலர் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். பழனியப்பன் கடைசி அடியைத் தட்டில் வைத்துக் கையை உயர்த்த, டிஸ்கிலிருந்த பழனியப்பன் அந்த நொடியிலேயே இரண்டு கையாலும் உள்ளே வந்தான். நாற்காலிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. நடைபாதை முழுக்க ஆட்கள்.

உர்சுலா எழுந்தார். கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் இருந்த அந்த அம்மாவின் மடியில் வைத்து, "கொஞ்சம் வச்சிருங்க ஆன்டி" என்றார். அந்த அம்மா யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கினார்.